அரை மில்லி விரிசல்

கிழக்கு வெளுப்பதற்குள் மேல்மாடியில் பிரஸ் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டன. தகரத்தை டை என்கிற அச்சுக்குள் தள்ளு, பெடலை மிதி, டங்கென்று மூடி விழும், கையை இழு. மறுபடி தள்ளு, மிதி, இழு. கை பிந்தினால் விரல் போச்சு. கால் பிந்தினால் கூலி போச்சு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அந்தப் பெண்கள் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். டப்பாவுக்கு மூடி அடிக்கிற பட்டறை அது. ஊரில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் இவர்கள் அடித்த மூடி ஒன்று இருக்கும். அதைத் திறக்கிறவனுக்கு இது தெரியவா போகிறது!

ஜன்னலோர பிரஸ்ஸில் நின்றவளை மொத்தப் பட்டறையும் அண்ணி என்றுதான் கூப்பிடும். கீழே மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஃபிட்டரின் மனைவி. அவன் எல்லோருக்கும் அண்ணன், அதனால் இவள் அண்ணி. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். "ஒருத்தனக் கட்டுன குத்தத்துக்கு ஊருக்கே அண்ணியாயிட்டேன்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

கொஞ்ச நாளாக அவள் சிரிப்பது குறைந்திருந்தது. மிதிக்கிற வலது காலுக்கு வேலை இருந்தது, அதற்கு ஒன்றும் தெரியவில்லை. சும்மா ஊன்றி நிற்கிற இடது காலுக்குத்தான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் தரை ஒரு இம்மி கீழே போய் மேலே வந்தது. முன்பெல்லாம் அதிரும், அவ்வளவுதான். இப்போது இறங்கி ஏறுகிறது.

"உனக்குத் தெரியுதாடி?" என்று பக்கத்து பிரஸ்காரியிடம் கேட்டாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் அவளுக்குச் சிரிப்புக்காரி என்று பெயர்.

"தெரியாம என்ன அண்ணி! தொட்டில்ல போட்டு ஆட்டுறாப்ல இருக்கு. சம்பளமும் குடுத்து ஆட்டியும் விடுறாரு, எந்த முதலாளி செய்வான்?"

இந்த பிரஸ்கள் முன்பு கீழேதான் இருந்தன. மாடி, மூடிகளை எண்ணிப் பெட்டியில் அடைக்கக் கட்டியது. தகரக் கட்டு அடுக்கக் கீழே இடம் போதவில்லை என்று முதலாளி பிரஸ்களை மேலே ஏற்றினார். பெட்டியைத் தாங்கக் கட்டிய மாடி இரும்பைத் தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் யாரும் இல்லை.

ஏற்றிய பிறகு மாடியைத் தாங்குகிற பீமில் ஒரு விரிசல் வந்தது. படிக்கட்டில் பாதி ஏறி நின்றால் கைக்கு எட்டுகிற உயரம். முதலில் பார்த்தது ஃபிட்டர்தான். பார்த்த அன்றே விரிசலின் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு, "இனிமே இந்த எடத்துலதான் அளக்கணும். எடத்த மாத்தி மாத்தி அளந்தா அளவே இல்ல" என்றான்.

அளவு என்று வந்துவிட்டால் அவன் வேறு ஆள். அவனிடம் ஒரு ஃபீலர் கேஜ் உண்டு. மடக்குக் கத்தி மாதிரி இருக்கும், விரித்தால் விசிறியாக மெல்லிய தகடுகள், ஒவ்வொரு தகட்டிலும் அதன் கனம் பொறித்திருக்கும். சாப்பாட்டு மணி அடித்ததும் சோற்றுக்குப் போகமாட்டான், படிக்கட்டுக்குப் போவான். தகட்டைத் துணியால் துடைப்பான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அளவு பொய் சொல்லுமாம். அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை விரிசலில் நுழைத்து மெல்ல இழுப்பான். லேசாகப் பிடித்துப் பிடித்து வரவேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி பெரிது, முக்கி இழுக்கவேண்டி இருந்தால் சிறிது. பிறகு அதோடு இன்னொரு மெல்லிய தகட்டைச் சேர்த்து நுழைத்துப் பார்ப்பான். போகாது. ஒன்று போய், அடுத்தது போகாமல் இருந்தால்தான் அளவு அளவு.

கீழே நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "என்ன அண்ணே சொல்லுது?" என்பார்கள்.

"அதே அரை மில்லி. ஒரு மயிரளவும் நகரல. போய்ச் சாப்பிடுங்க."

எல்லோரும் போய்ச் சாப்பிடுவார்கள். மணி அடித்ததும் மறுபடி மிதிப்பார்கள். அண்ணியும் போவாள். இடது கால் ஒன்று சொல்லும், புருஷன் ஒன்று சொல்வான். புருஷன் கையில் கேஜ் இருந்தது.

ஒரு நாள் முற்பகலில் பீமிலிருந்து ஒரு பாளம் பெயர்ந்து மொட்டையின் மேல் விழுந்தது.

மொட்டைக்குத் தலை நிறையச் சுருட்டை முடி. சின்ன வயதில் பேனுக்காக ஒரு தடவை அடித்த மொட்டை, பெயராக ஒட்டிக்கொண்டது. தகரம் வெட்டுகிற மெஷினில் குனிந்து நின்றிருந்தான். குனிந்திருந்ததால் தலை தப்பியது, தோள்பட்டை போனது. அவன் போட்ட சத்தம் அத்தனை பிரஸ் சத்தத்தையும் தாண்டி மாடிக்குக் கேட்டது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சூப்பர்வைசர் என்ன செய்தான் தெரியுமா? தகரத்தில் இருந்த ரத்தத்தைத் துணியால் துடைத்துவிட்டு, அதே தகரத்தை வெட்டி மேலே அனுப்பினான். பாவி! அண்ணியின் கைக்கு வந்த பட்டையில் ஒரு ஓரம் பழுப்பாக இருந்தது. அது என்னவென்று அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அதை டைக்குள் தள்ளாமல் தனியே எடுத்து வைத்தாள்.

பிற்பகல் முதலாளி வந்தார். அதிர்ந்து பேசாத மனுஷன். அடிக்கிறவனைவிட இந்த மாதிரி ஆளிடம்தான் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்.

"பழைய கட்டடம்னா கொஞ்சம் காரை உதிரத்தான் செய்யும். பூசச் சொல்லியிருக்கேன்" என்றார்.

"காரை உதிர்ந்தா எலும்பு உடையுமா சார்?" என்றாள் அண்ணி.

"அவன் ஏன்மா அங்க போய் நின்னான்?"

"அங்கதான சார் மெஷின் இருக்கு. நீங்கதான அங்க வெச்சீங்க."

முதலாளி அவளைப் பார்த்துச் சிரித்தார். "லீவு நாள்ல இன்ஜினியரக் கூட்டிட்டு வந்து காட்டிட்டேன். ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு. அவர விடு, உன் வீட்டுக்காரர் தெனம் அளக்குறாரே, அவரையே கேளு. என்னப்பா, விரிசல் பெருசாயிருக்கா?"

எல்லோரும் ஃபிட்டரைப் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் அளந்துவிட்டு வந்திருந்தான்.

"இல்ல சார். அதே அரை மில்லிதான்" என்றான்.

"கேட்டுக்கிட்டீங்களா? அடுத்த வாரம் பெரிய பிரஸ் ஒண்ணு வருது. அதுவும் மேலதான் போகுது. பயந்தவங்க இப்பவே சொல்லிடுங்க. வெளிய வேலை கேட்டு நூறு பேர் நிக்கிறாங்க."

கீழ்த்தளத்தில் டை செய்கிறவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் நிரந்தர ஆள், கீழே இருக்கிற ஆண்கள் எல்லோருமே நிரந்தரம். மாடியில் இருக்கிற பெண்களுக்கு மூடிக் கணக்கில் கூலி. "மாடிக்காரிங்க விவகாரம், நாம ஏன் வாய வைக்கணும்" என்று அவர் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தது அண்ணிக்குக் கேட்டது. மொட்டை கீழ்த்தளத்து ஆள்தானே என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே அறை. அவள் காலை நீட்டினால் அவன் காலை மடக்கவேண்டும், அவ்வளவுதான் வீடு. அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கேஜைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, நீங்க எப்ப அளக்குறீங்க?"

"தெரியாத மாதிரி கேக்குற. சாப்பாட்டு நேரத்துல."

"அப்ப மேல யாரு மிதிக்கிறா?"

"யாரு மிதிப்பா? நீங்கல்லாம் சோறு தின்னுக்கிட்டு..." அவன் கை நின்றது.

"தூங்குறவனப் பாத்துட்டு ஊமைன்னு சொன்ன கதையா இருக்குங்க உங்க அளவு. தரை கீழ போய் மேல வருது. என் காலுக்குத் தெரியுது. அது திறக்குறப்ப நீங்க பாக்கவே இல்ல. மூடிக்கிட்டப்புறம் போய்ப் பாத்துட்டு, அதே அரை மில்லி, அதே அரை மில்லின்னு..."

"நீ எனக்கு அளவு சொல்லித்தர்றியா?"

"அளவு சொல்லித்தரல. நேரம் சொல்லித்தர்றேன்."

அவன் முகம் சிவந்துவிட்டது. கேஜை டொக்கென்று வைத்தான். அவளும் விடவில்லை. "யோவ், நான் சாகப் பயப்படலய்யா. நான் விழுந்தா நேரா உன் தலையிலதான் விழுவேன். இவ உன் தலையில ஏறி உக்காருவான்னு எங்கம்மா அப்பவே சொன்னாங்க. அது பலிச்சுடக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

"மொட்டை நேத்துகூடக் கேட்டான்" என்றான். "என்ன அண்ணே சொல்லுதுன்னு கேட்டான். நகரலடா, போடான்னு சொன்னேன். நான் சொன்னேன்னுதான் எல்லாரும் அதுக்கு அடியில நின்னாங்க." அழுதான். மறைக்கவும் இல்லை. அவள் வெந்நீரிலிருந்து காலை எடுத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் ஒருவர் அழும்போது இன்னொருவர் சும்மா இருக்கவேண்டும் என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம்.

"ஓடும்போது அளக்கணும்" என்றான் கடைசியில். "வேற வழி இல்ல. ஆனா ஓட்டணும்னா மேல ஆள் நிக்கணும்."

"நிக்கிறேன்."

மறுநாள் இருட்டோடேயே, சூப்பர்வைசர் வருவதற்கு முன்னால், குழாயடியில் எல்லோரிடமும் சொன்னாள். பயமிருந்தால் ஏறவேண்டாம் என்றாள். ஒருத்தி அழுதுகொண்டே கீழே நின்றுவிட்டாள். அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்றவர்கள் ஏறினார்கள். கீழ்த்தளத்து ஆண்களை பீமுக்கு அடியில் வராமல் சுவரோரம் நிற்கச் சொன்னான் ஃபிட்டர். டைக்காரர் மட்டும், "காலங்காத்தால என்ன கூத்து இது, மாட்டிவிட்டுடாதீங்கப்பா" என்றார். ஆனாலும் போய்விடவில்லை.

ஃபிட்டர் படிக்கட்டின் நடுவில் ஏறி நின்று, சிவப்புக் கோட்டுக்கு நடுவே அரை மில்லித் தகட்டை இறுக்கமாகச் செருகினான். சிரிப்புக்காரி படிக்கட்டின் தலைமாட்டில் நின்றுகொண்டாள். கீழே நடப்பதை மேலே சொல்ல, மேலே இருப்பவர்களை நிறுத்த, அவள்தான் கண்ணும் கையும்.

அண்ணி பெடலில் கால் வைத்தாள். எத்தனையோ வருஷமாக மிதித்த பெடல். அன்றைக்கு மாதிரி அது என்றைக்கும் கனத்ததில்லை. கீழே, இதோ இந்தத் தரைக்குக் கீழே அவன் நிற்கிறான். நான் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அவன் தலைக்கு மேல் இறங்குகிறது. மிதிக்காவிட்டால் உண்மை தெரியாது. மிதித்தால் அவன் உயிரே போய்விடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள்.

பிரஸ்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. தரை இறங்கியது, ஏறியது.

"விழுந்துடுச்சு!" என்று கத்தினாள் சிரிப்புக்காரி. "தகடு தானா விழுந்துடுச்சு அண்ணி!"

அவள் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

"என்ன பண்றாரு?"

"ட்ரில் பிட்ட எடுக்குறாரு!"

தகட்டால் அளக்க முடியாத இடைவெளிக்கு, துளை போடுகிற ட்ரில் பிட். அதன் வால் பக்கம் வழவழவென்று உருண்டையாக இருக்கும், அதன் கனம் மாறாது. ஒரு மில்லி பிட்டை நுழைத்தான், போனது. ஒன்றரை மில்லியை நுழைத்தான். மூன்றாவது அடிக்குத் தரை இறங்கியபோது அதுவும் போனது. இரண்டு மில்லி போகவில்லை. சிரிப்புக்காரி ஒவ்வொன்றையும் கத்திக் கத்திச் சொன்னாள். அண்ணியின் முதுகில் வியர்வை வழிந்தது. போதும், இறங்கு, இறங்கித் தொலை என்று மனசுக்குள் அவனை வைதுகொண்டே மிதித்தாள். ஒன்றரை மில்லி பிட்டை அவன் மறுபடி உள்ளே விட்டு, அப்படியே கையை எடுத்தான்.

சிரிப்புக்காரி இரண்டு கையையும் தூக்கினாள். எல்லாக் கால்களும் ஒரே நேரத்தில் பெடலை விட்டன.

அண்ணி படிகளில் தடதடவென்று இறங்கி, முதலில் அவனைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் பீமைப் பார்த்தாள். விரிசல் மூடிக்கொண்டு, ட்ரில் பிட்டைக் கவ்விப் பிடித்திருந்தது. சுவரில் அடித்த ஆணி மாதிரி அது நீட்டிக்கொண்டு நின்றது. ஃபிட்டர் இழுத்தான், வரவில்லை. டைக்காரர் கிட்டே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இழுத்தார். வரவில்லை. அவர் இறங்கிப் போய்ச் சுவரோரம் நின்றார்.

முதலாளி வருவதற்குள் மாடிக்காரிகள் எல்லோரும் கீழே இறங்கியிருந்தார்கள்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"அதப் பாருங்க சார்" என்றான் ஃபிட்டர்.

முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் குறடு எடுத்துக்கொண்டு ஏறிப் பிடித்து இழுத்தான். முகம் வியர்த்ததுதான் மிச்சம்.

"நீதானய்யா நேத்து அரை மில்லின்னு சொன்ன?"

"நான் சொன்னது தப்பு சார்." எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "நின்ன மெஷினுக்கு அளந்துட்டு ஓடுற மெஷினுக்கு வாக்குக் குடுத்துட்டேன். உங்க இன்ஜினியரும் லீவு நாள்லதான வந்தாரு? அவரும் அதே தப்பதான் பண்ணியிருக்காரு. இது ஓடுறப்ப ஒன்றரை மில்லிக்கு மேல திறக்குது."

"ஒரு மில்லிக்கா இத்தன ரகளை?"

"ஒரு மில்லி பெருசில்ல சார்" என்றாள் அண்ணி. "மிதிச்சா திறக்குது, நிறுத்தினா மூடுது. கட்டடம் மூச்சு விடக் கூடாது சார். பிரஸ்ஸெல்லாம் கீழ இறங்கணும். பீமுக்கு முட்டுக் குடுக்கணும். மொட்டை வைத்தியத்த நீங்க பாக்கணும். அதுவரைக்கும் நாங்க மேல ஏறமாட்டோம்."

"பிரஸ்ஸ ஓட்டுங்க, அந்தக் கம்பி தானா விழுந்துடும். அப்புறம் பேசுவோம்."

"சரி சார். நானே போய் மிதிக்கிறேன். நீங்க இப்படி வந்து, மொட்டை நின்ன எடத்துல நில்லுங்க. விழுதான்னு நீங்களே பாருங்க."

முதலாளிக்குப் பதில் அவர் கால் பேசியது. பீமுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர், தன்னை அறியாமல் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். எல்லோரும் பார்த்தார்கள். தெரியாமல் ஒன்றும் இல்லை, எல்லாம் தெரிந்துதான் ஏற்றியிருக்கிறார் என்று அந்த ஒரு எட்டில் வெட்டவெளிச்சமாகிவிட்டது.

டைக்காரர் சுவரோரத்திலிருந்து நகர்ந்தார். நேரே மெயின் ஸ்விட்சுக்குப் போய்க் கீழே இறக்கினார். சும்மா சுற்றிக்கொண்டிருந்த மோட்டார்கள் எல்லாம் முனகிக்கொண்டே நின்றன.

"உனக்கென்னய்யா வந்தது? நீ பெர்மனென்ட் ஆளு" என்றார் முதலாளி.

"விழுந்தா பெர்மனென்ட் தலை, பீஸ் ரேட் தலைன்னு பாத்தா சார் விழப்போகுது?" என்றார் டைக்காரர். அவருக்கு வீட்டில் பயப்பட எத்தனையோ இருந்தது. "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன."

அன்றைக்கே எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு முதலாளி கேட்டை இழுத்துப் பூட்டச் சொன்னார். நாளைக் காலை புது ஆட்கள் வருவார்கள், உள்ளே வர விருப்பமில்லாதவர்கள் அப்படியே போகலாம் என்று சூப்பர்வைசர் கம்பிக்கு உள்ளே இருந்து சொன்னான்.

மறுநாள் விடியும்போது கேட்டுக்கு வெளியே எல்லோரும் இருந்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. மொட்டை வந்தான், கழுத்திலிருந்து தொங்கவிட்ட கட்டோடு, நடக்கவே முடியாமல். "உனக்கு என்னடா இங்க வேலை, படுத்துக் கிடக்காம?" என்று அண்ணி திட்டினாள். "படுத்தா வலிக்குது அண்ணி. இங்க உக்காந்தா கொஞ்சம் பேசிக்கிட்டாவது வலிக்கும்" என்றான். ஃபிட்டர் அவன் முகத்தைப் பார்க்கமுடியாமல் தலையைக் குனிந்துகொண்டான். மொட்டை நல்ல கையால் அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வேன் வந்தது. முதலாளி சொன்ன நூறு பேரில் ஒரு வேன் நிறைய. எல்லாம் பெண்கள். கையில் சாப்பாட்டு டப்பா, கண்ணில் தூக்கம். கீழ்த்தளத்து இளவட்டம் ஒருவன் கல்லை எடுத்தான். அண்ணி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"போடு கீழ. நேத்து வரைக்கும் நாம அப்படித்தான வந்தோம்?"

எழுந்து வேனிடம் போனாள். "யாரையும் தடுக்கல. போறவங்க போங்கம்மா. மேல ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. படிக்கட்டுல பாதி ஏறினா பீம்ல சிவப்புக் கோடு இருக்கும். நடுவுல ஒரு ட்ரில் பிட் நிக்கும். அதப் பிடிச்சு இழுத்துப் பாருங்க. கையோட வந்துட்டா நாங்க சொன்னது பொய்யி, தாராளமா வேலை பாருங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் இருந்த ஒல்லிப் பெண் ஒருத்தி தன் டப்பாவைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு இறங்கி, "போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்றாள். சூப்பர்வைசர் கேட்டின் சின்னக் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டான். மற்றவர்கள் இறங்கவில்லை.

அண்ணி அந்தச் சின்னக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராத்திரியோடு ராத்திரியாக அவர்கள் பிட்டை எடுத்திருந்தால்? இந்தப் பெண் வந்து அங்கே ஒன்றுமே இல்லையே என்று சொன்னால்? நம் பக்கம் என்ன இருக்கிறது, காலில் பட்ட ஒரு நடுக்கத்தைத் தவிர? ஃபிட்டர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான்.

அந்தப் பெண் வெளியே வந்தாள். நடந்து வந்து அண்ணியின் முன்னால் வலது கையை நீட்டினாள். விரல் நுனியெல்லாம் வெள்ளையாகச் சுண்ணப் பூச்சு, இன்னும் ஈரமாக. நடுவிரலில் கீறி, மெல்லிய கோடாக ரத்தம்.

"கோடும் இல்ல, பிட்டும் இல்லக்கா. புதுசா பூசி வெச்சிருக்காங்க" என்றாள். "ஈரமா இருக்கேன்னு விரல விட்டு நோண்டிப் பாத்தேன். உள்ள பிட்ட ஒடிச்சு மறைச்சு வெச்சிருக்காங்க. குத்திடுச்சு. இழுத்தேன், வரல."

பூச்சைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் வேனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இறங்குங்கடி" என்றாள். அப்புறம் மொட்டைக்குப் பக்கத்தில் இருந்த இடத்தைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே" என்றாள்.